நசாராவில் உட்கார்ந்து பேசும் அறிவியல்

1999 நவம்பர் 26ஆம் தேதி இரவு, நள்ளிரவைத் தாண்டிய வேளையில், தென் பசிபிக்கில் வனுவாட்டு நாட்டின் பென்டகோஸ்ட் தீவு பலமாகக் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 7.5. தீவின் தென்கோடியில் பே மார்ட்டெல்லி என்றொரு கடலோர ஊர். குலுக்கல் நின்றதும் ஊர்த் தலைவர் ஆள் அனுப்பிக் கடலைப் பார்த்துவரச் சொன்னார். கடல் உள்வாங்கியிருந்தது. எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்று அப்போதே உத்தரவு பிறந்தது. பின்னாலேயே வந்த அலைகள் ஊரை வாரிக்கொண்டு போயின. ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்த அந்த ஊரில் இறந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவர்களும் ஓட முடியாதவர்கள், அல்லது ஓட மறுத்தவர்கள்.

ஊரில் அபாயச் சங்கு கிடையாது. கடலில் மிதக்கும் கருவிகள் எதுவும் அவர்களுக்குச் செய்தி அனுப்பவில்லை. சில வாரங்களுக்கு முன்பு அங்கே ஒரு வீடியோ படம் போட்டுக் காட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். 1998 ஜூலை 17 அன்று பப்புவா நியூகினியின் ஐதாப்பே கரையில் 2,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சுனாமியைப் பற்றிய படம் அது. சுனாமி என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் நுழைவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, கடல் பின்வாங்கினால் என்ன பொருள் என்பது அந்தச் சிற்றூரில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தப் படம் ஏன் வேலை செய்தது? திரையில் தெரிந்தவர்கள் அவர்களைப் போன்ற மெலனீசியர்கள். தெரிந்த கரையும் அவர்களுடைய கரையைப் போன்றதே. படம் பார்த்தவர்கள் தனித்தனி ஆட்களாக இல்லாமல் ஊராகக் கூடிப் பார்த்தார்கள். ஆபத்து வந்தபோது யார் பார்ப்பது, யார் சொல்வது, யார் சொன்னால் ஊர் கேட்கும் என்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்த ஏற்பாடு. அறிவியல் கொண்டுவந்தது ஒரே ஒரு உண்மையை. அதை முடிவாக மாற்றியது ஊர்.

ஆராய்ச்சியாளர்கள் பலர் மக்களிடம் பேசுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்கிறார்கள். ஆய்வு முடிந்து, கட்டுரை வெளிவந்து, பணமும் நேரமும் மிச்சமிருந்தால் ஒரு துண்டறிக்கை. பூர்வகுடித் தீவுச் சமூகங்களில் நடந்த ஆய்வுகளின் வரலாற்றைப் பார்த்தால், இந்த வரிசையே தவறு என்பது தெளிவாகும். எந்தக் கேள்வியைக் கேட்பது, தரவு எவ்வளவு நம்பகமானது, முடிவு யாருக்குப் பயன்படும் ஆகிய மூன்றையும் பேச்சுதான் தீர்மானிக்கிறது. வனுவாட்டு இதற்கு உலகிலேயே சிறந்த பாடசாலைகளுள் ஒன்று. ஆனால் அங்கே போவதற்கு முன், பேச்சு இல்லாத அறிவியல் என்ன செய்யும் என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

ரோங்கலாப்: அளந்தார்கள், சொல்லவில்லை

1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ‘பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. வெடிப்பின் ஆற்றல் 15 மெகாடன், எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கதிரியக்கம் ஏறிய பவளத் துகள்கள் கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ரோங்கலாப் தீவின்மேல் வெண்பொடியாக விழுந்தன. என்னவென்று தெரியாத குழந்தைகள் அதில் விளையாடினார்கள். தோல் வெந்தது, தலைமுடி கொட்டியது. இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை அங்கிருந்து அகற்றினார்கள். உடனே அவர்களைப் பற்றிய ஒரு மருத்துவ ஆய்வும் தொடங்கியது. ‘திட்டம் 4.1’ என்பது அதன் பெயர். ஆய்வுக்கு உள்ளானவர்களிடம் பொருள் விளங்கும்படி சம்மதம் கேட்கப்படவில்லை.

1957இல், இனி பயமில்லை என்று சொல்லி அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் மருத்துவர்கள் வந்து இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். குழந்தைகளின் சுரப்பி சிறியது என்பதால் அதில் ஏறும் கதிர்வீச்சு அளவு பெரியவர்களுக்கு ஆவதைவிட மிக அதிகம். 1963 முதல் தைராய்டு கட்டிகள் தென்படத் தொடங்கின. பிராவோ வெடித்தபோது பத்து வயதுக்குக் கீழே இருந்த ரோங்கலாப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிற்காலத்தில் தைராய்டு கோளாறு வந்தது. மண்ணிலிருந்து சீசியம்-137 தென்னைக்குள் ஏறியது. ஸ்ட்ரான்சியம்-90 தென்னை நண்டின் உடலில் சேர்ந்தது. எண்கள் எல்லாம் அறிவியல் இதழ்களில் துல்லியமாகப் பதிவாயின. அந்தத் தேங்காயையும் நண்டையும் தின்று வாழ்ந்தவர்களுக்கு அந்த எண்களின் பொருள் போய்ச் சேரவில்லை.

1978இல் வடக்கு மார்ஷல் தீவுகளில் ஒரு கதிரியக்க அளவாய்வு நடந்தது. அதன் முடிவுகளை 1982இல் மார்ஷலீஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரு கையேடாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். தங்கள் பவளத்தீவின் வடக்குத் திட்டுகளில் கதிரியக்கம் பிகினிக்கு இணையாக இருப்பதை ரோங்கலாப் மக்கள் தங்கள் மொழியில் படித்தார்கள். உணவுக்காக அவர்கள் போய்வந்த திட்டுகள் அவை. 1985 மே மாதம் ‘ரெயின்போ வாரியர்’ கப்பலில் ஏறி, ஏறத்தாழ 300 பேர் தாய்மண்ணை விட்டு மெஜாட்டோ தீவுக்குப் போய்விட்டார்கள்.

மருத்துவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். நோய்களைக் கண்டுபிடித்தார்கள், அறுவை சிகிச்சைக்கு வழி செய்தார்கள். ஆனாலும் தாங்கள் சோதனை விலங்குகளாக வைக்கப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. அறிந்தவர் ஒரு பக்கமும் அனுபவிப்பவர் மறு பக்கமுமாக முப்பது ஆண்டுகள் நின்றால் வேறு எதுவும் விளையாது. அந்த நம்பிக்கை இழப்பு ரோங்கலாப்போடு நிற்கவில்லை. பசிபிக் தீவுகளில் ‘ஆராய்ச்சி’ என்று சொல்லிக்கொண்டு இறங்கும் எவரையும் சந்தேகத்தோடு பார்க்க வைத்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

கதவைச் சாத்தித் திறந்த நாடு

வனுவாட்டு 83 தீவுகள் கொண்ட நாடு. மக்கள்தொகை மூன்று லட்சம் அளவில். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இவ்வளவு மொழிகள் வேறெந்த நாட்டிலும் இல்லை. எல்லோரையும் இணைக்கும் பொதுமொழி பிஸ்லாமா. பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்ட ‘நியூ ஹெப்ரிடீஸ்’ 1980 ஜூலை 30 அன்று வனுவாட்டுவாக விடுதலை பெற்றது. அதுவரை மானுடவியலாளரும் மொழியியலாளரும் வந்தார்கள், சேகரித்தார்கள், போனார்கள். அவர்கள் எழுதிய நூல்கள் லண்டனிலும் பாரிசிலும் இருந்தன. கதை சொன்ன ஊரில் ஒரு பிரதிகூட இருக்காது.

1985இல் வனுவாட்டு அரசு ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. வெளிநாட்டவர் செய்யும் மானுடவியல், சமூகவியல் ஆய்வுகளுக்குத் தடை விதித்தது. அந்தத் தடை 1994 வரை நீடித்தது. பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது அறிவுக்கு எதிரான செயலாகப் பார்க்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் உண்மையில் நடந்தது வேறு. போர்ட் விலாவில் உள்ள வனுவாட்டு கலாச்சார மையம் ‘ஃபில்வோக்கா’ என்றழைக்கப்படும் களப்பணியாளர் முறையை வளர்த்தெடுத்தது. தத்தம் ஊரிலேயே வாழும் இந்தத் தன்னார்வலர்கள் தத்தம் மொழியில் தத்தம் வழக்காறுகளைப் பதிவு செய்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தலைநகரில் கூடி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் தீவில் அது எப்படி இருக்கிறது என்று சொல்கிறார்கள். முதலில் ஆண்கள் மட்டும் இருந்த இந்த அமைப்பில் 1994 முதல் பெண்களுக்கும் தனிப் பிரிவு வந்தது. பெண்களுக்கே உரிய அறிவை, பாய் முடைவது முதல் சடங்குகள் வரை, பெண்களே பதிவு செய்ய வழி பிறந்தது.

தடை நீங்கியபோது வெளிநாட்டு ஆய்வாளர் முன்னே ஓர் ஒப்பந்தம் நின்றது. ஆய்வாளர், தேசிய கலாச்சாரக் குழு, ஆய்வு நடக்கும் ஊர் ஆகியோர் அதில் கட்டுப்பட வேண்டும். உள்ளூர்க்காரர் ஆய்வில் பங்கேற்க வேண்டும். ஊருக்கு நேரடியாகப் பயன்படும் ஏதேனும் ஒன்றை, ஒரு பாடநூலையோ கதைத் தொகுப்பையோ ஒலிப்பதிவையோ, ஆய்வாளர் செய்து தர வேண்டும். பதிவுகளின் பிரதி மையத்துக்கு வர வேண்டும். எல்லோரும் கேட்கக் கூடாத அறிவு என்று ஒரு குடும்பமோ குலமோ சொன்னால், அந்தப் பதிவுகள் மையத்தின் ‘தபு அறை’யில் பூட்டி வைக்கப்படும்.

மறைத்து வைக்கும் உரிமை கொடுத்தால் அறிவு சுருங்கிவிடாதா என்று கேட்கலாம். நடைமுறையில் அப்படி ஆவதில்லை. சொன்னது எங்கே போகும் என்று தெரிந்த மனிதர் கூடுதலாகச் சொல்வார். தெரியாதவர் எதையோ சொல்லி அனுப்பிவிடுவார். களத்தில் கிடைக்கும் தரவின் தரம் இந்த ஒரு வேறுபாட்டில் தங்கியிருக்கிறது.

டிரோக்கஸ் கற்றுக்கொடுத்தது

வனுவாட்டுவின் பவளத்திட்டுகளில் டிரோக்கஸ் என்ற சங்கினம் வாழ்கிறது. கூம்பு வடிவ ஓடு, உள்ளே முத்துப் பளபளப்பு. உயர்தரச் சட்டைப் பொத்தான்கள் இந்த ஓட்டிலிருந்து செய்யப்படுகின்றன. ரொக்கப் பணம் அரிதான ஊர்களில் பள்ளிக் கட்டணத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் கைகொடுக்கும் பொருள் இது. ஆழம் குறைந்த நீரில் மெல்ல ஊர்ந்து திரிவதால் பிடிப்பது எளிது, அழிப்பதும் எளிது.

1990இல் மீன்வளத் துறை சில ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு வேலையைத் தொடங்கியது. ஊரின் திட்டில் எத்தனை டிரோக்கஸ் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். பிறகு ஊரோடு உட்கார்ந்து, சில ஆண்டுகள் அறுவடையை நிறுத்தி வையுங்கள், பின் சில நாட்கள் மட்டும் திறந்து எடுங்கள், மறுபடி மூடுங்கள் என்று யோசனை சொன்னார்கள். சட்டமாக்கவில்லை. 83 தீவுகளின் கரையைக் காவல் காக்கத் துறையிடம் ஆளும் இல்லை, படகும் இல்லை.

இந்த யோசனை ஊருக்குப் புதிதல்ல. தலைவர் ஒருவர் இறந்தால், பெரிய விருந்துக்கு நாள் குறித்தால், ஒரு கடல்பகுதியில் மீன்பிடிக்கத் தபு விதிப்பது அங்கே பழைய வழக்கம். நமேலே என்ற சைக்கஸ் மரத்தின் ஓலையை நட்டுவிட்டால், அது தடைசெய்யப்பட்ட இடம் என்று எல்லோருக்கும் புரியும். நாட்டின் கொடியிலேயே அந்த ஓலை இருக்கிறது. இன்ன திட்டு இன்ன குலத்துக்குரியது என்ற உரிமையும் தெளிவாக இருந்தது. அறிவியலாளர்கள் செய்தது, அந்த வழக்கத்துக்குள் ஓர் உயிரியல் காரணத்தைக் கொண்டுவந்து வைத்ததுதான்.

காரணம் இது. டிரோக்கஸின் ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விடுகின்றன. அருகருகே போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் கருத்தரிப்பு நடக்கும். பெரிய பெண் சங்குகள் இடும் முட்டைகளின் எண்ணிக்கை சிறியவற்றைவிட மிக அதிகம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதன் இளவுயிரிகள் சில நாட்கள் மட்டுமே நீரோட்டத்தில் மிதந்துவிட்டுத் தரையில் அமர்ந்துவிடும். பல கடலுயிரிகளின் குஞ்சுகளைப் போல வாரக்கணக்கில் மிதந்து வேறு தீவுக்குப் போவதில்லை. ஆகவே ஓர் ஊர் தன் திட்டைக் காத்தால், பலன் பெரும்பாலும் அந்த ஊருக்கே வந்து சேரும். காத்தவருக்கே விளைச்சல் என்பது இங்கே உயிரியலே தரும் உத்தரவாதம்.

மூடி வைத்த ஊர்களுக்குத் திறந்த நாட்களில் நல்ல வருமானம் வந்தது. பக்கத்து ஊர்கள் பார்த்தன, தாங்களும் செய்தன. 1993இல் ராபர்ட் ஜோகன்னஸ் என்ற கடலுயிரியலாளர் வனுவாட்டுவின் கடலோர ஊர்களைச் சுற்றி, மக்கள் தாங்களாகவே விதித்துக்கொண்ட கடல்வளக் கட்டுப்பாடுகளைப் பட்டியலிட்டார். 2001இல் அவரும் கலாச்சார மையத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹிக்கியும் அவற்றில் 21 ஊர்களுக்கு மறுபடி போனார்கள். முன்பு அங்கே 40 கட்டுப்பாடுகள் இருந்தன. எட்டு ஆண்டுகளில் அவற்றில் ஐந்துதான் கைவிடப்பட்டிருந்தன. புதிதாக 51 முளைத்திருந்தன. டிரோக்கஸில் பலனைக் கண்ட மக்கள் மீன், சிங்கி இறால், நண்டு, கடல் அட்டை, ராட்சதச் சிப்பி என்று பாதுகாப்பை விரித்திருந்தார்கள். இரவில் ஈட்டி கொண்டு மீன் குத்துவதையும் செவுள் வலையையும் பல ஊர்கள் தடுத்திருந்தன. இதில் எதையும் செய்யச் சொல்லி எந்த அதிகாரியும் உத்தரவிடவில்லை.

ஜோகன்னஸுக்கு இது வியப்பாக இருந்திருக்காது. 1970களில் பலாவு தீவுகளில் மூத்த மீனவர்களோடு மாதக்கணக்கில் கடலுக்குப் போய்க் கற்றவர் அவர். எந்த மீன் எந்தப் பிறையில், எந்தத் திட்டின் விளிம்பில் முட்டையிடக் கூடும் என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். நிலவின் நாளையொட்டி முட்டையிடும் மீனினங்கள் என்று அன்றைய அறிவியல் உலகம் முழுவதும் அறிந்திருந்த எண்ணிக்கையைவிட, அந்த மீனவர்கள் அறிந்திருந்தது அதிகம். 1981இல் வெளிவந்த அவருடைய ‘வேர்ட்ஸ் ஆஃப் தி லகூன்’ நூல் கடலுயிரியலின் பார்வையையே திருப்பியது. வெப்பமண்டலக் கடலோரங்களில் ஒவ்வொரு திட்டையும் ஆய்ந்து தரவு திரட்டப் போதிய அறிவியலாளர்கள் ஒருபோதும் கிடைக்கப் போவதில்லை, உள்ளூர் அறிவோடு பொது அறிவியலை இணைத்து இப்போதே செயல்படுவதே சரி என்று அவர் 1998இல் வாதிட்டார். அந்த வாதத்துக்கு வனுவாட்டுவின் 51 புதிய கட்டுப்பாடுகள் வலுவான சான்று.

ஆமையைப் பற்றி ஒரு நாடகம்

புள்ளிவிவரம் எல்லா இடத்திலும் போய்ச் சேராது. கடலாமை விஷயத்தில் வனுவாட்டு வேறொரு வழியைக் கண்டது. ‘வான் ஸ்மோல்பாக்’ என்ற நாடகக் குழு 1989 முதல் போர்ட் விலாவில் இயங்கி வருகிறது. 1995இல் இந்தக் குழு கடலாமையைப் பற்றிப் பிஸ்லாமாவில் ஒரு நாடகம் போட்டு, கடலோர ஊர்களுக்குக் கொண்டுபோனது.

ஆமையின் வாழ்க்கை தீவு மக்களுக்குப் பாதிதான் தெரியும், அறிவியலாளருக்கும் பாதிதான். எந்த மணலில் எந்த மாதம் ஏறி முட்டையிடும் என்பது ஊருக்கு அத்துப்படி. ஆனால் தங்கள் கரையில் முட்டையிடும் பெண் ஆமை பருவமடையவே பல பத்தாண்டுகள் ஆகும் என்பதும், ஓராண்டு முட்டையிட்டால் மறுபடி வரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதும், இடையில் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வேறு நாட்டுக் கடலில் மேயும் என்பதும் ஒரே கரையில் நின்று காணக்கூடியவை அல்ல. முட்டையிட வந்த ஒரு தாயைக் கொன்றால் இழப்பு எவ்வளவு பெரியது என்பதை நாடகம் கண்முன் நிறுத்தியது.

நாடகம் முடிந்ததும் பேச்சு தொடங்கியது, அந்தப் பேச்சிலிருந்து ஊர்கள் தங்களுக்குள் ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஆமைக் கண்காணிப்பாளர்களாக அமர்த்தின. காலப்போக்கில் ‘வனுவா-தை’ என்ற பெயரில் பல தீவுகளிலும் நூற்றுக்கணக்கானோர் கொண்ட வலையமைப்பாக அது வளர்ந்தது. கூடுகளை எண்ணுகிறார்கள், ஆமைகளுக்கு அடையாளத் தகடு பொருத்துகிறார்கள், மலெக்குலா தீவின் பாம்பூ பே போன்ற முட்டையிடும் கரைகளைக் காவல் காக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் கரையில் நிற்கும் ஆட்களை எந்தப் பல்கலைக்கழக நல்கையாலும் அமர்த்த முடியாது. அப்படிப்பட்ட தரவு, அந்தக் கேள்வியைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட ஊரிலிருந்து மட்டுமே வரும்.

எலும்புகளிடம் கேட்பதற்கு முன்

இயற்கை வளத்தில் பேசுவது ஓரளவு எளிது. முன்னோரின் எலும்பைத் தொடும்போதுதான் உண்மையான சோதனை.

எஃபாத்தே தீவில் ரோய் மாட்டா என்ற பெருந்தலைவரின் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது. ஓயாத சண்டைகளை நிறுத்தி, குலக்குறிகளின் அடிப்படையில் மக்களை இணைத்து அமைதி கொண்டுவந்தவர். அவர் இறந்தபோது ரெட்டோக்கா என்ற சிறு தீவில் அவரோடு பலரும் புதைக்கப்பட்டார்கள் என்றது கதை. அந்தத் தீவில் அதன்பின் யாரும் குடியேறவில்லை. 1967இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜோசே கராஞ்சே உள்ளூர் மக்கள் காட்டிய இடத்தில் அகழ்ந்தார். நடுவே ஒரு மனிதர், சுற்றிலும் அணிகலன் பூண்ட ஆண்களும் பெண்களும், ஏறத்தாழ 50 பேரின் எலும்புகள். முதலில் 13ஆம் நூற்றாண்டு என்று கணித்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அதை 1600ஐ ஒட்டிய காலத்துக்குக் கொண்டுவந்தன. நூற்றாண்டுகளைத் தாண்டி வந்த வாய்மொழி, இடத்தைத் துல்லியமாகச் சொல்லியிருந்தது. 2008இல் ரோய் மாட்டாவின் ஆளுகைப் பகுதி வனுவாட்டுவின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஆனது. அங்கே பயணிகளை அழைத்துப்போய்க் கதை சொல்பவர்கள் அந்த மண்ணின் மக்களே.

அதே எஃபாத்தேயில், தெயூமா என்ற இடத்தில் மண் தோண்டும்போது 2003இன் இறுதியில் ஓர் இடுகாடு வெளிப்பட்டது. சுமார் 3,000 ஆண்டுகள் பழமையானது. பசிபிக் பெருங்கடலின் தொலைதூரத் தீவுகளில் முதன்முதலாகக் குடியேறிய லப்பிட்டா பண்பாட்டு மக்கள் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியத் தொல்லியலாளர்களோடு கலாச்சார மையமும் இந்த ஆய்வில் முதலிலிருந்தே பங்காளி.

2016இல் தெயூமாவின் மூவருடைய காதெலும்பிலிருந்து எடுத்த தொன்மரபணு படிக்கப்பட்டது. அவர்களுடைய வழி கிழக்காசியாவோடு தொடர்புடையது. பப்புவா வழியின் சாயல் ஏறக்குறைய இல்லை. இன்றைய வனுவாட்டு மக்களின் மரபணுவிலோ பெரும்பங்கு பப்புவா வழியினது. ‘முதலில் வந்தவர்கள் நீங்கள் இல்லை’ என்று ஒரு செய்தித்தாள் தலைப்புப் போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நிலமெல்லாம் பூர்வகுடி உரிமையாளருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரியது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கும் நாடு அது.

முழு உண்மை அந்தத் தலைப்பைவிட வளமானது. முதல் குடியேற்றத்துக்குச் சில நூற்றாண்டுகளுக்குள் பிஸ்மார்க் தீவுக்கூட்டத்திலிருந்து பப்புவா வழி மக்களும் வரத் தொடங்கினார்கள் என்று 2018இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மொழிகளோ மாறவில்லை. இன்றும் வனுவாட்டுவின் பூர்வகுடி மொழிகள் எல்லாம் லப்பிட்டா மக்கள் கொண்டுவந்த ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஒரே படையெடுப்பில் ஒருவர் மற்றவரைத் துரத்தியிருந்தால் இப்படி நடந்திருக்காது. தலைமுறைகளாக வந்து, பழகி, மணமுடித்து, வந்த இடத்தின் பேச்சைத் தம் பேச்சாக்கிக்கொண்டவர்களின் வரலாறு இது. மரபணுவில் ஒருவரும் மொழியில் மற்றவருமாக இரண்டு கூட்டத்தாரும் இன்றைய மக்களின் முன்னோரே. இந்த முழுப் படத்தை இதழ் வெளிவந்த பிறகு விளக்கப் புகுவது தாமதம். எலும்பில் துளையிடும் முன்பே, என்னென்ன முடிவுகள் வரக்கூடும், அவற்றில் எது உங்களைப் புண்படுத்தக்கூடும் என்று மக்களோடு பேசியிருக்க வேண்டும்.

நோயில்லாதவருக்கு மருந்து

வனுவாட்டுவில் மக்கள் வாழும் தென்கோடித் தீவான ‘அனெய்டியும்’, பசிபிக்கில் மலேரியா பரவும் எல்லையின் விளிம்பில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் கொண்டுவந்த தட்டம்மை போன்ற நோய்களால் அதன் மக்கள்தொகை பெருமளவு அழிந்தது. அந்த நினைவுள்ள தீவில், 1991இல் அகிரா கனேகோ என்ற ஜப்பானிய மருத்துவ ஆய்வாளரும் வனுவாட்டு சுகாதாரத் துறையினரும் ஒரு பெரிய கோரிக்கையை வைத்தார்கள். காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, தீவில் உள்ள 718 பேரும் ஒன்பது வாரங்கள் வாரம் ஒருமுறை மருந்து உண்ண வேண்டும்.

இதற்கு வலுவான காரணம் உண்டு. மலேரியா ஒட்டுண்ணி காய்ச்சல் இல்லாதவர் இரத்தத்திலும் வாழும். வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும். நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுத்தால், நலமாகத் தெரிபவரிடமிருந்து கொசு அதை மீண்டும் எடுத்துவரும். ஆனால் நலமாக இருப்பவர் ஒருவரை, தன் அண்டை வீட்டுக் குழந்தைக்காகக் கசப்பு மருந்தைத் தின்ன வைப்பது மருந்தகத்தால் முடிகிற காரியம் அல்ல. ஊர் நம்ப வேண்டும்.

ஊர் நம்பியது. மருந்து உட்கொள்ள வேண்டியவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் தவறாமல் உண்டார்கள். எல்லோருக்கும் மருந்து தோய்த்த கொசுவலை தரப்பட்டது. கொசு முட்டையிடும் நீர்நிலைகளில் புழு தின்னும் மீன்கள் விடப்பட்டன. தீவுக்கு வருபவர்களிடம் இரத்தம் எடுத்துச் சோதிக்கும் பழக்கமும் வந்தது. கொடிய வகையான ஃபால்சிபாரம் மலேரியா அந்தத் திட்டத்தோடு மறைந்தது. வைவாக்ஸ் வகையும் 1996 முதல் அந்த ஆய்வு முடியும் வரை காணப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தபோது, சமூகத்தின் ஈடுபாடு இல்லாமல் இது நடந்திருக்காது என்பதை ஆய்வாளர்களே எழுதினார்கள். மருந்துகள் பழையவை, கொசுவலையும் பலரும் அறிந்தது. மக்கள் ஒரே திட்டத்தைத் தங்களுடையதாக ஏற்றார்கள் என்பதே அந்தத் தீவை வேறுபடுத்தியது.

என்ன செய்ய வேண்டும்

வனுவாட்டு ஊர்களில் நசாரா என்றொரு திறந்தவெளி உண்டு. ஆட்டமும் சடங்கும் வழக்குத் தீர்ப்பும் அங்கேதான். ஊரைக் கட்டுப்படுத்தும் முடிவுகள் அங்கே எல்லோர் முன்னிலையிலும் பேசப்படுகின்றன. தீவில் இறங்கும் அறிவியலும் அங்கே போய் உட்கார வேண்டும். சொல்வதற்கு மட்டும் போனால் போதாது. கேட்கவும், மறுப்பு வந்தால் ஏற்கவும் தயாராகப் போக வேண்டும்.

இதை நல்ல மனம் படைத்த தனிமனிதர்களின் பெருந்தன்மைக்கு விட்டுவிட முடியாது. ஆய்வு நல்கையின் கணக்கிலேயே அதற்கு இடம் வேண்டும். கேள்வியை வகுக்கும் முன் ஒரு பயணத்துக்கும், முடிவை எடுத்துச் சொல்ல இன்னொரு பயணத்துக்கும் பணம் ஒதுக்காத திட்டம் குறைபட்ட திட்டம். தரவு சேகரித்த உள்ளூர்க்காரரின் பெயர் கட்டுரையின் நன்றியுரையில் ஒளிந்துகொள்ளாமல் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். முடிவு முதலில் ஊருக்கு, ஊர் மொழியில் போக வேண்டும், இதழுக்கு அடுத்துப் போகலாம். வெளியே சொல்லக் கூடாதது எது என்று தீர்மானிக்கும் உரிமை அதை வைத்திருப்பவரிடம் இருக்க வேண்டும். வனுவாட்டு இவற்றில் பலவற்றை எழுதப்பட்ட விதியாகவே வைத்திருக்கிறது. சிறிய, பணமில்லாத, புயல்கள் அடிக்கடி புரட்டிப்போடும் நாடு இதைச் செய்ய முடிந்தால், செல்வந்த நாடுகளின் ஆய்வு மன்றங்கள் முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை.

இதனால் ஆய்வு தாமதமாகும் என்று சொல்பவர்கள் உண்டு. தாமதமாகும்தான். ரோங்கலாப் மக்கள் தங்கள் மண்ணைப் பற்றிய உண்மையைத் தங்கள் மொழியில் படிக்கக் காத்திருந்த 28 ஆண்டுகளோடு ஒப்பிட்டால், ஒரு பருவமோ இரண்டு பருவமோ ஊரோடு பேசக் கழிப்பது தாமதமே ஆகாது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டிருக்கும் இந்த நூற்றாண்டில், எங்கே கிணறு உப்பாகும், எந்தத் திட்டில் பவளம் வெளுக்கும், எப்போது ஊரை இடம்பெயர்ப்பது என்ற கேள்விகளோடு இன்னும் பல ஆய்வாளர்கள் தீவுகளுக்குப் போவார்கள். அந்தக் கேள்விகளின் விடையில் வாழப்போகிறவர்கள் தீவு மக்கள். விடை தேடும் வேலையிலும் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே பங்கு உண்டு.